மெல்ல உதைக்கும் துவக்கு

கொட்வின் மன்னார்க்காரர். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து அரை வாழ்க்கை போய்விட்டது. வந்த நாளிலிருந்து வீட்டு வேலைதான். முதலில் ஒரு பல் வைத்தியர் வீட்டில், பிறகு பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி வீட்டில். சமைப்பார், துடைப்பார், சட்டைகளை அயர்ன் பண்ணுவார். கொட்வினைப்போலக் கொலர் மடிக்க இந்த நகரத்தில் ஆளில்லை என்று அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, விருந்தாளிகளிடம் சொல்லுவார். ஆனால் பெயரைச் சொல்லமாட்டார். "எங்கள் பையன்" என்பார். பையனுக்கு நாற்பத்தெட்டு வயது.

அந்த வீட்டாருக்கு மலைப்பக்கத்தில் ஓர் ஒலிவ் தோட்டம் இருந்தது. காய் பறிக்கிற காலத்தில் கொட்வினையும் அங்கே அனுப்புவார்கள். பக்கத்துக் காணிக்காரர் கலோஜெரோ. கட்டையான மனிதர், அறுபதைத் தாண்டியவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி மரத்தடியைக் கிளறி, கல்வரம்புகளைச் சரித்துவிட்டுப் போகும். வேட்டைக்காலம் திறந்ததும் கலோஜெரோவும் அயலவர் மூன்று பேரும் நாய்களோடு புறப்படுவார்கள். ஒருமுறை ஆள் குறைந்தபோது, "நீ அந்தப் பள்ளத்துப் பக்கமாய் நிண்டு சத்தம் போடு" என்று கொட்வினைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். அன்று பன்றி அகப்படவில்லை. ஆனால் மத்தியானம் கல்லின்மேல் உட்கார்ந்து பாணும் பாற்கட்டியும் பங்கிட்டபோது அவருக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். "கொத்வீனோ, உன்ரை குரல் நல்ல குரல்" என்றார் கலோஜெரோ. தன்னுடைய பெயரை ஒரு சிசிலியன் வாய் நிறையச் சொன்னதைக் கொட்வின் அன்றைக்குத்தான் கேட்டார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். வீட்டில் மனைவி கிளறாவிடம் ஒலிவ் மரத்துக்குக் கொப்பு வெட்டப் போவதாகச் சொன்னார்.

கிளறாவிடம் துவக்கு என்ற சொல்லையே எடுக்க முடியாது. அவளுடைய அண்ணன் ஊரில் வெடிபட்டுச் செத்தவன். தொலைக்காட்சியில் சண்டைப்படம் ஓடினால் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். அது கொட்வினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், இத்தாலியக் குடியுரிமை கிடைத்த அடுத்த வருடம், வேட்டை லைசென்சுக்குப் படிக்கத் தொடங்கினார். பறவைகளின் படங்களும் சட்டங்களும் நிறைந்த புத்தகத்தை வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருந்தார். கிளறா கேட்டதற்கு, லொறி ஓட்டுகிற லைசென்சுக்குப் படிக்கிறேன் என்றார். சோதனை நாளில் அவள் கோவிலுக்குப் போய் அவருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அவர் பாஸ். அன்று இரவு அவள் பொரித்து வைத்த மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கலோஜெரோ தன்னுடைய துவக்கைக் கொடுத்துச் சுடப் பழக்கினார். அது பெரிய காலிபர், பெரிய உதை. ஏழெட்டு வெடிக்குள் கொட்வினின் வலது தோள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. வீட்டில் சட்டை மாற்றும்போது கிளறா கண்டுவிட்டாள்.

"என்ன இது?"

"ஏணி சரிஞ்சு விழுந்தது. மரத்திலை நிண்டனான்."

அவள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து தடவினாள். "இந்த வயசிலை உங்களுக்கு மரமேறுற வேலை என்னத்துக்கு? சிஞ்ஞோராவுக்கு நான் சொல்லட்டே?" என்று கேட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். ஏணிப் பொய் இரண்டாந்தரம் செல்லாது என்பது அவருக்குத் தெரிந்தது.

சொந்தமாக ஒரு துவக்கு வாங்க அவர் கடைக்குப் போனது அந்தக் கோடையில்தான். கடைக்காரர் வஸ்ஸால்லோ, மூக்குநுனியில் கண்ணாடி போட்ட பொறுமைசாலி.

"என்னத்தைச் சுடப் போறீங்கள்?"

"கூடுதலாப் பண்டிதான். சில நேரம் நரி. பிறகு மான் சுட அனுமதி கிடைச்சா அதுவும். எல்லாத்துக்கும் ஒண்டே ஒண்டுதான் வாங்க ஏலும். விலையும் அதிகம் போகக்கூடாது."

வஸ்ஸால்லோ இலாச்சியைத் திறந்து மூன்று ரவைகளை எடுத்து மேசையில் நிறுத்திவைத்தார். சின்னது .243. நடுவில் .308. கடைசி, உயரமானது, .30-06.

"ஒரு துவக்கோடை காலம் தள்ளப் போற ஆளுக்கு நான் நடுவிலை நிக்கிறதைத்தான் காட்டுவன்" என்றார். "இதின்ரை ரவை எந்த ஊர்க் கடையிலையும் கிடைக்கும், விலையும் தாங்கும். நரிக்குக் கொஞ்சம் கூட. ஆனா மானுக்கும் சரி, பண்டிக்கும் சரி, காணும். இந்தப் பெரிசு கெட்டதில்லை. உதை கூட. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கேக்கை கண்ணை மூடிப்போடுவான். பிறகு எவ்வளவு பெரிய ரவை எண்டாலும் என்ன பிரயோசனம்?"

புதிது வாங்கத் தேவையில்லை என்றும் சொன்னார். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட் இழுக்கிற பழைய துவக்கு, குழல் உள்ளே பளிச்சென்று இருந்தால் போதுமாம். மிச்சம் பிடிக்கிறதைத் துவக்கில் பிடித்து, மேலே பூட்டுகிற தொலைநோக்கிக்கும் பழகுகிற ரவைக்கும் செலவழிக்க வேண்டுமாம். அப்படியான பழைய துவக்குகள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று .308, மற்றது .243. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

கொட்வின் இரண்டையும் மாறி மாறித் தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எது குறைய உதைக்கும்?"

"சின்னதுதான். பொம்பிளைப் பிள்ளையளும் சுடுவினம். தோளிலை அடையாளமே வராது."

அந்தக் கடைசிச் சொல்தான் அவருடைய காதில் விழுந்தது.

"பண்டி விழாதோ?"

வஸ்ஸால்லோ கண்ணாடியைக் கழற்றினார். "விழும். சுடுறவர் பொறுமைக்காரன் எண்டால். பண்டி பக்கவாட்டிலை நிக்கவேணும், முன்னங்காலுக்குச் சரியாப் பின்னாலை வைக்கவேணும். நேரை முகம் பாத்து வாறதுக்கு வைக்காதேங்கோ. பெரிய ஆண்பண்டியின்ரை தோள் தடிப்பு, இது உள்ளுக்குப் போறதுக்கு முதல் உடைஞ்சுபோம். உங்கடை விருப்பம். ஆனா நீங்கள் சொன்ன வேலைக்கு நான் இதைத் தரமாட்டன்."

கொட்வின் .243-ஐ வாங்கினார். காசு கொடுக்கும்போது, ஆரம்பக்காரனுக்கு இதுதான் நல்லது என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. கலோஜெரோவின் இரும்பலுமாரியில் வைப்பதாகக் கறாபினியேரிப் பொலிஸில் பதிந்தார். கலோஜெரோ துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் இந்தச் சின்னன்?"

"கடையிலை வேறை ஒண்டும் இருக்கேல்லை. அவர் இதுதான் காணுமெண்டார்."

அந்தப் பொய் தன்பாட்டில் வாயிலிருந்து வந்தது. ஒருநாள் கிளறாவிடம் சொல்ல வேண்டிவரும் என்று அவர் பல பொய்களை அடுக்கி வைத்திருந்தார். இது அந்த அடுக்கில் இல்லாதது.

அந்தக் கார்த்திகையில் ஒரு காலை, கொட்வினை ஒரு வாதுமைத் தோப்பின் ஓரத்தில் நிறுத்தினார்கள். கலோஜெரோ மேலே தன்னுடைய நாய் மோராவோடு போனார். மோரா கறுப்பி. நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கலோஜெரோவின் மனைவி செத்த பிறகு அந்த வீட்டில் அவரோடு இருக்கிற ஒரே உயிர். காரில் முன்சீற்றில்தான் உட்காருவாள்.

நாய் குரைக்கும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது.  புதருக்குள்ளிருந்து பன்றி வெளியே வந்து நின்றது. பெரிய ஆண். நேராக அவரைப் பார்த்து, கொஞ்சம் சரிந்து நின்றது. வஸ்ஸால்லோ சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பட்டும், பொறு, பொறு என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேலே நிற்கிறவர்களுக்குத் தன்னுடைய வெடிச்சத்தம் கேட்க வேண்டும் என்ற ஆசை அந்தக் குரலைவிடப் பெரிதாக இருந்தது. இழுத்தார். துவக்கு மெல்லத்தான் உதைத்தது.

பன்றி முன்னங்கால் மடிந்து விழுந்தது. கொட்வின் "விழுந்திட்டுது!" என்று தமிழில் கத்தினார். அது எழுந்தது. மூன்று காலில் முள்ளுப்பற்றைக்குள் பாய்ந்து மறைந்தது.

கலோஜெரோ வந்து இரத்தத்தைப் பார்த்தார். கரும்பச்சை இலைகளில் கொஞ்சமாக, நுரையில்லாமல் இருந்தது. முகம் சுருங்கியது. "நெஞ்சுக்குள்ளை போகேல்லை" என்று மட்டும் சொன்னார். காயப்பட்டதை உடனே துரத்தக்கூடாது என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் முழுக்கப் பற்றைக்குள் எங்கோ ஓர் உயிர் மூச்சு விடுகிற சத்தம் கொட்வினுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கேட்டதோ தெரியாது. 

பிறகு மோராவைக் கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு தடம் பார்த்துப் போனார்கள். பள்ளத்தில் முள் அடர்ந்து ஆள் போக முடியாமல் ஆனபோது கலோஜெரோ கயிற்றை அவிழ்த்தார். நாய் உள்ளே போனது. ஓர் உறுமல், அதன்பின் நாயின் கீச்சிட்ட அலறல். கலோஜெரோ முள்ளைக் கையால் கிழித்துக்கொண்டு ஓடினார். ஒரு வெடி. பன்றி முடிந்தது. அவர் வெளியே வந்தபோது கையில் மோரா கிடந்தாள். பின்னங்கால் தொடையிலிருந்து திறந்துகிடந்தது.

கொட்வினின் காரில்தான் கொண்டுபோனார்கள். அவருடைய ஜக்கெற்றில் சுற்றி, கலோஜெரோ பின்சீற்றில் மடியில் வைத்திருந்தார். மிருக வைத்தியர் உயிரைக் காப்பாற்றினார். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கொட்வின் மன்னிப்புக் கேட்டார். கலோஜெரோ அவருடைய முழங்காலில் தட்டினார். "நடக்கிறதுதான். எனக்கும் நடந்திருக்கு." பின்னேரம் பன்றியை உரித்தபோது தோளுக்குள்ளிருந்து துண்டு துண்டாய்ப் போன ரவையை எடுத்து உள்ளங்கையில் காட்டினார். "உன்னிலை பிழையில்லை, கொத்வீனோ. அந்தக் கடைக்காரன்தான் உன்னை ஏமாத்திப்போட்டான். தெரியாத ஆளெண்டு, கிடந்ததைத் தலையிலை கட்டியிருக்கிறான். நான் எல்லாருக்கும் சொல்லுறன், அவனிட்டைப் போகவேண்டாமெண்டு."

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கொட்வின் ஆமென்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வரும்போது சட்டையில் நாயின் இரத்தம். வழியில் ஒரு நாய் காரில் அடிபட்டுக் கிடந்தது, தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றார். மகள் மொனிகா, "பப்பா, நீங்கள் நல்ல ஆள்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிளறா சட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், வேலை செய்யும் வீட்டில் சிஞ்ஞோராவின் பட்டுச் சட்டையில் அயர்னை வைத்தபடி நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு துணியைக் கருக்கினார். "எங்கள் பையனுக்கு வயதாகிறது" என்று சிஞ்ஞோரா சிரித்தார். மலைக்குப் போகவில்லை. கலோஜெரோ தொலைபேசியில் கூப்பிட்டு, மோரா எழுந்து நிற்கிறாள், சாப்பிடுகிறாள் என்று சொல்லுவார். ஒவ்வொரு முறையும் கடைசியில் வஸ்ஸால்லோவைத் திட்டிவிட்டுத்தான் வைப்பார். திட்டுகிற சொல்லெல்லாம் தன்னுடைய முகவரிக்கு வரவேண்டியவை என்று கொட்வினுக்குத் தோன்றும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்வினும் கிளறாவும் சாந்தா றொசாலியா கோவில் இருக்கிற மலைக்கு நடந்து ஏறினார்கள். பலெர்மோத் தமிழர்கள் கிழமைக்குக் கிழமை ஏறுகிற மலை. கிளறா நேர்த்திக்காகச் செருப்பில்லாமல் நடந்தாள். பாதி வழியில், பழைய கற்பாதையின் ஓரத்தைப் பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன. அதைக் கண்டதும் கொட்வினுடைய கால் நின்றுவிட்டது.

"கிளறா, உம்மோடை ஒண்டு கதைக்கவேணும்."

சொன்னார். லொறி லைசென்ஸ் பொய், ஏணி பொய், காரில் அடிபட்ட நாய் பொய். துவக்கு உண்மை. ஏன் அந்தத் துவக்கு என்பதையும் சொன்னார்.  சத்தம் போடுவாள், மலையை விட்டு இறங்கிப் போவாள் என்று நினைத்திருந்தார்.

"நான் உங்கடை லொறிக்கெண்டு மெழுகுதிரி கொளுத்தினனான்" என்றாள். பிறகு, "அந்தப் பண்டி எவ்வளவு நேரம் கிடந்தது?" என்று கேட்டாள்.

அவர் எதிர்பார்க்காத கேள்வி. "ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கும்."

"அண்ணா காலமை வெடிபட்டவன். பொழுதுபடத்தான் போனவன். றோட்டெல்லாம் பூட்டு, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டுக்குள்ளை பாயிலை கிடந்தான். தண்ணி தண்ணி எண்டு கேட்டான். வயித்திலை பட்டதுக்குத் தண்ணி குடுக்கக்கூடாதெண்டு சொல்லி நாங்கள் குடுக்கேல்லை." அவள் மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்தாள். "நீங்கள் என்ன நினைச்சனீங்கள், வெடிச்சத்தத்துக்கோ நான் பயம்? சத்தம் எனக்கு ஒண்டுமில்லை. கிடக்கிறதைத்தான் என்னாலை தாங்கேலாது. எனக்குத் தெரியக்கூடாதெண்டு சின்னதை வாங்கி, அங்கை ஒண்டைக் கிடக்கவிட்டிருக்கிறியள்."

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதேயில்லை. அவரும் கேட்டதேயில்லை.  அவள் ஏறத் தொடங்கிவிட்டாள். கோவிலில் அவருக்குத் தள்ளி, வேறு வாங்கில் முழந்தாளிட்டாள். இறங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஒண்டில் வித்துப்போட்டு விட்டிடுங்கோ. இல்லாட்டி விழுத்திறதை வாங்கி ஒழுங்காப் பழகுங்கோ. இடையிலை நிக்காதேங்கோ. அதுக்கு முதல் அந்த நாய்க்காரரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லவேணும். நானும் வாறன்."

அடுத்த சனிக்கிழமை போனார்கள். மோரா மூன்று காலில் தத்திக்கொண்டு ஓடிவந்து கொட்வினின் கையை நக்கினாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: கடையில் .308 இருந்தது. விலையும் ஒன்றுதான். கடைக்காரர் வேண்டாமென்று சொல்லச் சொல்ல வாங்கினேன். எப்படிச் சுடக்கூடாது என்றும் சொன்னார், அப்படித்தான் சுட்டேன்.

கலோஜெரோ கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "நான் அந்த மனுசனை ஊரெல்லாம் கேவலமாய்க் கதைச்சுப்போட்டனே."

"ஓம். என்னாலை."

"பிழையா வெடி வைக்கிறது வேறை. அது எனக்கும் நடந்தது. நீ தெரிஞ்சு கொண்டுவந்தனி." குரல் உயரவில்லை. "ஏன்?"

 கிளறா நாய்க்குப் பக்கத்தில் குந்தி, வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மயிர் முளைத்திருப்பதைத் தடவிக்கொண்டிருந்தாள். இத்தாலியனில் சொன்னாள்: "என்னட்டை ஒளிக்கத்தான். தோளிலை காயம் கண்டால் நான் கேப்பனெண்டு." தன் வீட்டு வெட்கத்தை ஓர் அந்நியனுக்கு முன் அவள் எடுத்து வைக்க வேண்டி வந்ததே என்று கொட்வினுக்கு நிலம் பிளந்தால் போய்விடலாம்போல இருந்தது.

கலோஜெரோ கிளறாவுக்குக் கதிரை போட்டார், கோப்பி கொடுத்தார். கொட்வினுக்கும் கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது இரும்பலுமாரியைத் திறந்தார். "எடுத்துக்கொண்டு போ. இனி இஞ்சை வைக்கவேண்டாம்."

அங்கிருந்து நேராக வஸ்ஸால்லோவின் கடைக்கு. கிளறாவும் உள்ளே வந்தாள். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து ஏதோ முணுமுணுத்ததாக வஸ்ஸால்லோ சொன்னார். கொட்வின் தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னார். வஸ்ஸால்லோ பெருமூச்சு விட்டாரே தவிரத் திட்டவில்லை. முன்பு காட்டிய .308 விற்றுப்போயிருந்தது. அதேபோல இன்னொன்றைத் தேடித் தருவதாகவும், சின்னதை எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் வாங்குவதாகவும் சொன்னார்.

கிளறா கேட்டாள்: "அது உடனை விழுத்துமோ?"

"துவக்கு பாதி வேலைதான், சிஞ்ஞோரா. மிச்சப் பாதி இவர். சுடாமல் விடத் தெரிஞ்சவர் எண்டால் விழுத்தும்."

அவள் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்க் கண்ணாடிக் கதவருகில் நின்றாள்.

ஒரேத்தோ வீதியில் இருக்கிற அவர்களுடைய சின்ன வீட்டின் நடைவழிக்கு இரும்பலுமாரி ஒன்று வந்தது, அதற்குள் வஸ்ஸால்லோ தேடித் தந்த .308. கிளறா அதன்மேல் ஒன்றும் வைக்கவில்லை, படமோ பூவோ. அதைக் கடக்கும்போது சுவரோரமாகத்தான் நடந்தாள். சரிபார்க்க வந்த பொலிஸ்காரருக்குக் கோப்பி மட்டும் கொடுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொட்வின் சுடும் திடலுக்குப் போய்ப் பழகினார். இலக்குத் தாளில் பன்றியின் உருவம் நேராகப் பார்க்கிற மாதிரி வந்தால் சுடாமல் வேறு தாள் மாற்றச் சொல்லுவார். திடல்காரர் அவரைக் கொஞ்சம் விசரன் என்று நினைத்தார்.

கலோஜெரோ அந்தப் பருவம் கூப்பிடவில்லை. கோடையும் கூப்பிடவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில், இனிக் கூப்பிடமாட்டார் என்று கொட்வின் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் தொலைபேசி வந்தது. "ஆள் காணாது. வாறியோ?" அவ்வளவுதான்.

அன்று வந்த பன்றி அவரைப் பார்த்தபடி நின்றது. அவர் குழலை நீட்டியபடி நின்றார். அது திரும்பி, பள்ளத்தைப் பார்த்து இரண்டடி வைத்தது. அப்போதுதான் இழுத்தார். விழுந்த இடத்திலேயே கிடந்தது. கலோஜெரோ வந்து பார்த்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, "சரி" என்றார். கொட்வினுக்குச் சந்தோசம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. கிளறாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உடனையோ?" என்று கேட்டாள்.

"ஓம். உடனை."

"சரி. பாத்து வாங்கோ" என்று வைத்துவிட்டாள். இறைச்சிப் பங்கை மட்டும் அவள் இன்றுவரை வீட்டுக்குள் எடுப்பதில்லை. அவரும் கொண்டுவருவதில்லை.

கலோஜெரோ பழையபடி பேசுகிறார், பாணைப் பங்கிடுகிறார். எப்போதாவது புதிதாக வருகிற ஒருவர் முற்றத்தில் மோராவைக் கண்டு, கால் என்ன ஆனது என்று கேட்பார். கலோஜெரோ, "பண்டி வெட்டினது" என்பார். பக்கத்தில் நின்றால் கொட்வின், "நான் பிழையாச் சுட்டதாலை" என்று சேர்த்துச் சொல்லுவார். கலோஜெரோ அதை மறுப்பதில்லை.